ஆறு நிமிஷம் வெளியே

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம். போன தடவை நான் போனை வைத்த பிறகு உங்கள் மகள் சுண்டு மேஜைக்கு அடியிலிருந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. அதனால் எழுதுகிறேன். நீங்களும் எழுதியே பதில் போடுங்கள். கடிதத்தில் கை ஓங்க முடியாது.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் அவள் தன்னோடு படிக்கிற பெண்ணை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு முன்பல் இரண்டு போய்விட்டது. ஏன் தள்ளினாய் என்று டீச்சர் கேட்டதற்கு, "எங்கப்பா வந்து கூட்டிட்டுப் போவாருன்னு சும்மா சும்மா சொல்லிக்கிட்டே இருந்தா" என்றாளாம். போன மாதம் வீட்டில் இருந்த பொம்மைகளின் தலையை எல்லாம் திருகி ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தாள். அதை உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால், என் பிள்ளையைக் குறை சொல்கிறாயா என்பீர்கள்.

எட்டு மாதமாக ‘அப்பா வெளியூரில் வேலையாக இருக்கிறார்’ என்று சொல்லி வருகிறோம். இனியும் இதைச் சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது. டீச்சர் ஒரு படத்தைப் பற்றிச் சொன்னார். அப்பாவை இழந்த ஒரு சின்னப் பெண்ணின் கதையாம். அடிதடி கிடையாது, ரத்தம் கிடையாது, மென்மையாக எடுத்திருக்கிறார்களாம். அதைக் காட்டிவிட்டுப் பேச்சை எடுத்தால் பிள்ளைக்குச் சுலபமாக இருக்கும் என்கிறார். அடுத்த வாரம் இங்கே வருகிறது. பேப்பரில் ‘ஐந்து வயதுக்கு மேல் பார்க்கலாம்’ என்று போட்டிருக்கிறது. மருந்துக் கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறவள் நான். அட்டையில் போட்டிருக்கிற வயதை மட்டும் நம்பி எந்தப் பிள்ளைக்கும் மருந்து கொடுத்ததில்லை. பிள்ளை என்ன எடை, போன தடவை எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கேட்டுத்தான் கொடுப்பேன்.

அந்தப் படம் நீங்கள் வேலை பார்க்கிற தியேட்டரில் மூன்று வாரமாக ஓடுகிறதாமே. தினமும் நாலு காட்சி டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்கிறீர்கள். நம் பிள்ளைக்கு இது ஆகுமா, ஆகாதா? அதை மட்டும் எழுதுங்கள்.

புருவத்துக்கு மேலே தையல் போட்ட இடம் எப்போதோ ஆறிவிட்டது. நீங்கள் கேட்க மாட்டீர்கள். நானாகச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

நீ எழுதியது கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். ஐந்தாவதோடு நின்றவள், எழுத நேரமாகும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

தையலைப் பற்றி எழுதியிருக்கிறாய். சரி, நானும் எழுதுகிறேன். உன் அண்ணனைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்குள் நின்றுகொண்டு, "எங்கண்ணன்தான் மொதல்ல எறிஞ்சான். இந்த வீட்டுல புருசனும் பொண்டாட்டியும் போடுற சண்டையிலேயே அவன் பாதி செத்துட்டான்" என்று நாலு பேர் முன்னால் சொன்னாய். கையில் ஸ்டூல் இருந்தது, அடித்தேன். கேஸ் சிலிண்டர் இருந்திருந்தால் அதையும் தூக்கியிருப்பேன். கோபக்காரியிடம் பிள்ளை இருக்கக் கூடாது என்று ஆளாளுக்குப் பேசி உன்னோடு அனுப்பிவிட்டார்கள். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று நீயும் கூட்டிக்கொண்டு போனாய்.

உன் அண்ணன் எதையும் எறியவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மனுஷனை ஒரு லாரிக்காரன் ஜாக்கி ராடால் அடித்துக் கொன்றான். கோர்ட்டில் கேட்டாலும் இதுதான், கடவுளே வந்து கேட்டாலும் இதுதான்.

இப்போது படம்.

படத்தில் அந்தப் பெண்ணின் அப்பா பஸ் ஓட்டுகிறவர். அவள் பக்கத்தில் இன்ஜின் மூடி மேல் உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் போவாள். அவருக்கு உடம்பு முடியாமல் போகிறது, சாகிறார். அவ்வளவுதான் கதை. மானேஜர் வாசலில் ‘மென்மையான படம், குடும்பத்தோடு பார்க்கலாம்’ என்று போர்டு வைத்திருக்கிறார். ஆனால் ஜனங்கள் போர்டை நம்புவதில்லை. டிக்கெட்டைக் கிழிக்கக் கொடுக்கும்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். "ஏம்மா, பிள்ளைங்க பாக்கலாமா? பயந்துக்காதே?"

மூன்று வாரமாக நான் திரையைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவர் சாகிற இடத்தில் நாலு வயசு, ஐந்து வயசு அழுவதில்லை. "ஏன் இன்னும் தூங்குறாரு?" என்று சத்தமாகக் கேட்கிறது. எட்டு, ஒன்பது வயசு செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறது. அழுகிறதெல்லாம் பெரியவர்கள். போன திங்கட்கிழமை ஒரு பையன் அந்த இடத்தில் சிரித்துவிட்டான். அவன் அம்மா பொளேர் என்று அறைந்தாள். ஹால் முழுக்கக் கேட்டது. பிள்ளை பயத்தில்தான் சிரித்தான். அடித்தவள்தான் அழுதுகொண்டிருந்தாள்.

நான் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், அம்மாக்காரி பாத்திரத்தில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு அறைக்குள் வருவாள். அதுதான் அடையாளம். அதிலிருந்து ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில்தான் அவர் சாவதும், அந்தப் பெண் அவர் தலையை வாரிவிடுவதும். வசனமே கிடையாது. பிறகு தட்டு வைக்கிற சத்தம் கேட்கும், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். பயப்படுகிறவர்களிடம் நான் சொல்லி அனுப்புகிறேன்: "தண்ணிப் பாத்திரம் வந்ததும் பிள்ளையை வெளிய கூட்டிட்டு வாங்க. தட்டு சத்தம் கேட்டதும் உள்ள போங்க." காட்சிக்கு நாலு பேர், ஐந்து பேர் வருகிறார்கள். வெளியே வந்து எதையாவது தின்னக் கொடுத்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். மானேஜர்கூட, "இந்தப் பொம்பளைக்கு இருக்குற மூளை எனக்கில்லையே" என்றார்.

சுண்டுவுக்கும் அப்படிச் செய். மற்றபடி நல்ல படம். பஸ் வருகிற இடமெல்லாம் அவளுக்குப் பிடிக்கும்.

பல் போன பெண்ணின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாயா? கேட்காவிட்டால் கேள்.

அண்ணி


பிப்ரவரி 23

அண்ணிக்கு,

வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது, எழுத்து கோணலாக இருக்கும். உங்கள் மகள் கடித்தது. கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பு தெரிகிற அளவுக்கு.

சனிக்கிழமை பகல் காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடைவேளை வரை இருந்த இடம் தெரியவில்லை. பஸ் திரும்பும்போதெல்லாம் இவளும் சாய்ந்தாள். ஒரு இடத்தில் சிரித்தாள். அண்ணி, எட்டு மாதத்தில் அன்றைக்குத்தான் இவள் பல்லைப் பார்த்தேன்.

தண்ணீர்ப் பாத்திரம் வந்தது. "வாடா, பாத்ரூம் போயிட்டு வரலாம்" என்றேன். வரமாட்டேன் என்றாள். இழுத்துக்கொண்டு வந்தேன். வெளியே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். கடிகாரத்தைப் பார்த்து ஆறு நிமிஷம், அதற்கு மேல் ஒரு நிமிஷம். திரும்ப உள்ளே போனோம். நீங்கள் எழுதின மாதிரியே எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இவள் உட்காரவில்லை. சீட்டின் மேல் ஏறி நின்றாள். "அவரு எங்க?" என்று கேட்டாள். உட்காரு என்றேன். "இப்பதான இருந்தாரு? என்னைய வெளிய அனுப்பிட்டு என்ன பண்ணுனீங்க? எங்க கொண்டுபோய் வச்சீங்க?" ஹாலே திரும்பிப் பார்த்தது. வாயைப் பொத்தினேன். அப்போதுதான் கடித்தாள். விடவே இல்லை. பக்கத்து சீட்டுக்காரர் தாடையைப் பிடித்துப் பிரித்தார், அவர் வயிற்றில் உதைத்தாள். ஓடினாள். வாசலில் படத்தின் போஸ்டர் ஒட்டிய கண்ணாடிப் பெட்டி இருந்தது. இரண்டு கையாலும் அதைக் குத்தினாள். உடைந்த பிறகும் நிறுத்தவில்லை. ஒரு குத்து, இன்னொரு குத்து. போஸ்டரில் இருந்த அந்த பஸ்காரரின் முகமெல்லாம் பிள்ளையின் ரத்தம்.

இடது கையில் ஒன்பது தையல், வலது கையில் நாலு. தையல் போடும்போது அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கும் நீதான் ஐஸ்கிரீம் வாங்கித் தந்த" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு அண்ணனை வீட்டிலிருந்து எடுக்கிற நேரத்தில் பிள்ளை பார்க்கக் கூடாது என்று தெருமுனைக் கடைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது வந்தவர்களெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் படுத்திருந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள், தரை ஈரமாக இருந்தது. இவள் அந்த ஈரத்தில் போய் நின்றாள். ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல பிள்ளை, அடம் பிடிக்கவில்லை என்று எல்லாரும் சொன்னோம்.

ஆறு நிமிஷம் வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொன்னது நீங்கள். என் பிள்ளையாக இருந்தால் நான் யோசித்திருப்பேன். உங்கள் பிள்ளை என்பதால் நீங்கள் சொன்னதைக் கேட்டேன்.

நாத்தனார்


பிப்ரவரி 28

உன் கடிதத்தை மத்தியானக் காட்சிக்கு முன்னால் தியேட்டர் படியில் உட்கார்ந்து படித்தேன். முதலில் உன்னைக் கொல்ல வேண்டும் போல் இருந்தது. ஐஸ்கிரீமா வாங்கிக் கொடுத்தாய்? உலகத்தில் வேறு தின்பண்டமே இல்லையா? பிறகு காட்சிக்கு மணி அடித்தது, எழுந்து போய் டிக்கெட்டைக் கிழித்தேன். இரண்டு டிக்கெட் குறுக்கே கிழிந்தது.

ஒரு அப்பாவும் அவர் பெண்ணும் வந்தார்கள். ஆறு வயசு இருக்கும். வழக்கமாகக் கேட்கிறதைக் கேட்டார். வழக்கமாகச் சொல்கிறதை வாய் சொல்லிவிட்டது. உள்ளே போய் நின்றேன். தண்ணீர்ப் பாத்திரம் வந்தது. அந்த ஆள் பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு கதவுக்கு வந்தார். அந்தப் பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பித் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தது. நான் கதவை மறித்தேன்.

"உள்ள போங்க."

"நீதானம்மா வெளிய வரச் சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். போய்ப் பாருங்க. அந்தப் பிள்ளை பாக்கணும்."

"வழிய விடும்மா. பைத்தியமா நீ?"

தள்ளினார். என் தலை கதவு நிலையில் இடித்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு முழுதாக ஞாபகமில்லை. டார்ச்சால் அடித்திருக்கிறேன். மூன்று செல் போடுகிற இரும்பு டார்ச். அவர் காது கிழிந்து தொங்கியது. அவர் என் தலைமுடியைப் பிடித்துத் தரையில் மோதினார். இரண்டு பேரையும் பிரிக்க கேன்டீன்காரர் வர வேண்டியிருந்தது. அந்தப் பெண் சுவரோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மறைக்க வேண்டியதை மறைத்துவிட்டு, காட்டக் கூடாததை நன்றாகக் காட்டினோம்.

மானேஜர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள மென்மையான படம்னு போர்டு வச்சிருக்கேன், வாசல்ல ரத்தமா? நாளையிலேர்ந்து வராத தாயி." போலீஸுக்குப் போக வேண்டாம் என்று அந்த ஆளின் காலில் அவர்தான் விழுந்தார். வேலை போனது.

இப்போது வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். இத்தனை வாரத்தில் எத்தனை பிள்ளைகளை வெளியே அனுப்பியிருப்பேன்? திரும்ப உள்ளே போன ஒரு சின்னவன் அவன் அம்மாவிடம், "அந்த அப்பா எங்கம்மா?" என்று கேட்டதை நானே காதால் கேட்டேன். "வெளிய போயிருக்காரு" என்றாள் அவள். நல்ல சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம், பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீ கேட்டதற்கு இப்போது சரியாகப் பதில் சொல்கிறேன். அந்தப் படம் பிள்ளைகளுக்கு ஆகும். அந்த ஆறு நிமிஷத்தோடு பார்த்தால் ஆகும், பக்கத்தில் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் ஆகும். அந்த ஆறு நிமிஷத்தைப் பிடுங்கிவிட்டால், அதைவிடக் கொடூரமான படம் கிடையாது.

சுண்டுவுக்கு இனிமேல் படம் வேண்டாம். அப்பாவைப் பற்றி நானே சொல்கிறேன். அவளைக் கூட்டிக்கொண்டு வா.

அண்ணி


மார்ச் 6

அண்ணிக்கு,

அனுப்ப வேண்டாம் என்கிறார் என் வீட்டுக்காரர். "போன வாரம் ஒருத்தன் காதக் கிழிச்சவகிட்ட பிள்ளையக் குடுப்பியா?" என்று கேட்கிறார்.

ஆனால் நான் தயங்குவது அதனால் இல்லை. நீங்கள் அவளிடம் என்ன சொல்லப் போகிறீர்கள்? அண்ணன் குனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான், ஒரு ராட்சசன் வந்து கொன்றான் என்றா? ஒரு பொய்யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு பொய்யை வைப்பதற்கு நான் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் பெயின்ட் அடிக்கிறவர் என்னிடம் நேரில் சொன்னார். ஹாரன் சத்தம் பொறுக்காமல் அண்ணன்தான் முதலில் ஸ்பேனரை எறிந்தான். லாரிக் கண்ணாடி நொறுங்கி அந்த டிரைவரின் மடியில் விழுந்திருக்கிறது. அதற்காக அண்ணனைக் கொல்லலாம் என்று நான் சொல்லவே இல்லை, அன்றைக்கும் சொல்லவில்லை. அந்த டிரைவர் தூக்கில் தொங்கினாலும் எனக்கு ஆறாது. ஆனால் அண்ணனை உங்களுக்குப் பன்னிரண்டு வருஷமாகத்தான் தெரியும், எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆறாவது படிக்கும்போது என் மேல் செங்கலை எறிந்தவன் அவன். எறிந்துவிட்டு, என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவனும் அவன்தான். நல்லவன். எறிவான். இரண்டும் சேர்த்துத்தான் எங்கண்ணன்.

சுண்டுவின் கையும் அவன் கைதான். அந்தக் கை எங்கே கொண்டுபோய் விட்டது என்று யாராவது அவளிடம் சொல்ல வேண்டாமா? நான் சொல்லிவிடுவேன். ஆனால் நான் அத்தை. அம்மா இருக்கும்போது அத்தை வாயால் இதைக் கேட்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கொண்டுவந்து வாசலில் விடுவேன். நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள் என்று நம்பித்தான் விடுவேன். உள்ளே வர மாட்டேன். உங்கள் ஸ்டூலுக்கும் எனக்கும் ஆகாது.

நாத்தனார்


மார்ச் 17

நீ பிள்ளையை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாய். ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருமுனையில் ஒரு தடவை திரும்பினாய். புருவத்தின் மேலே அந்தத் தழும்பு இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு வராது. நீயாகப் புரிந்துகொள்.

சுண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கையிலும் கட்டு. நான் தரையில் உட்கார்ந்து, என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு என் கை மேல் நம்பிக்கை இல்லை.

"சுண்டு, அப்பா செத்துட்டாரு."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் தெரியும்."

எப்படி என்று கேட்டாள். சொன்னேன். "ஒர்க்‌ஷாப் வாசல்ல அப்பா ஒரு காரக் கழட்டிப் போட்டிருந்தாரு. ஒரு லாரி உள்ள வரணும், வழியில்ல. அவன் ஹாரன் அடிச்சான். விடாம அடிச்சான். அப்பாவுக்குக் கோவம் வந்துச்சு."

இந்த இடத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்கு நான் சாப்பாட்டு டப்பாவோடு எதிர்ப் பக்கம் ரோட்டைத் தாண்டக் காத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் இல்லை என்றேன், கோர்ட்டிலும் இல்லை என்றேன். உன்னை அடித்தது நீ பொய் சொன்னதற்காக இல்லை.

"அப்பாதான் மொதல்ல எறிஞ்சாரு, ஸ்பேனர. லாரிக் கண்ணாடி ஒடைஞ்சுது. அவன் எறங்கி வந்து ராடால அடிச்சான். மூணு அடி. மொத அடியிலயே அப்பா விழுந்துட்டாரு. அப்புறமும் அடிச்சான்."

சுண்டு மேஜை மேல் இருந்த டம்ளரை எடுத்து என் முகத்தில் அடித்தாள். உதடு பிளந்தது. தலையில் அடித்தாள், முதுகில் அடித்தாள், டம்ளர் நெளிந்ததும் வெறும் கையால் அடித்தாள். "ஏன் எறிஞ்சாரு? ஏன் எறிஞ்சாரு?" என்று கேட்டுக்கேட்டு அடித்தாள். கட்டு நனைந்து அவள் ரத்தமும் என் ரத்தமும் என் சேலையில் ஒன்றாகிவிட்டது. என் கை தொடைக்கு அடியிலேயே இருந்தது. எப்படி இருந்ததோ, தெரியாது.

கை ஓய்ந்ததும் என் எதிரில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"அப்பாவுக்கு வலிச்சுதா?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. "மொத அடி வலிச்சிருக்கும். மத்தது தெரிஞ்சிருக்காதுன்னு டாக்டர் சொன்னாரு. எனக்குத் தெரியாதுடி."

தலையை ஆட்டினாள். கட்டை அவிழ்த்துப் பார்த்தேன், தையல் போட்ட இடத்தில் ஒரு ஓரம்தான் பிரிந்திருந்தது. கழுவித் துணி சுற்றினேன், கையைக் கொடுத்தாள். பசிக்கிறது என்றாள், சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"அந்த லாரிக்காரன் எங்க?"

"ஜெயில்ல."

"அவனுக்குப் பிள்ளை இருக்கா?"

இருக்கிறது. கோர்ட்டு வாசலில் அவன் பெண்டாட்டி கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். இவள் உயரம்தான். நான் அன்றைக்கு அந்தப் பொம்பளை முகத்தில் காறித் துப்பினேன். அந்தப் பிள்ளைதான் பாவாடையால் அம்மா முகத்தைத் துடைத்துவிட்டது. இதையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த பிறகு எதை விடுவது?

சுண்டு யோசித்தாள். "அவகிட்ட சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"எத?"

"அவங்கப்பா ஏன் வீட்டுக்கு வரலன்னு."

தெரியாது என்றேன். "போய்க் கேளு" என்றாள். அப்புறம் நாலு நாளாக அதேதான். விடிந்தால், "கேட்டியா?" பள்ளிக்கூடத்துக்கு எப்போது அனுப்புவது, அவள் உன்னிடம் இருப்பதா என்னிடம் இருப்பதா, இதையெல்லாம் நாம் பேசித்தான் ஆக வேண்டும். போனிலேயே பேசலாம், நான் கத்த மாட்டேன். ஆனால் அவளுக்கு இப்போது இது ஒன்றுதான் வேண்டும்.

கோர்ட்டுத் தாள்கள் உன் வீட்டுக்காரரிடம்தானே இருக்கின்றன. அந்த டிரைவரின் வீட்டு விலாசம் அதில் இருக்கும். பார்த்து எழுது. போய் நின்று அந்தப் பெண்ணின் அம்மாவிடம் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கதவைத் திறப்பாளா என்றும் தெரியவில்லை. அடிக்கப் போகவில்லை. அது மட்டும் தெரியும்.

அண்ணி